நடுவரற்ற ஆட்டமும் நண்பர் வழக்கும்: ஜவ்வாது மலையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

1968-ஆம் ஆண்டில் பூமண்டலத்தின் இரு கோடிகளில் இரண்டு காரியங்கள் நடந்தேறின. ஜவ்வாது மலையின்மேல் காவலூர் என்னும் சிற்றூரில், வைணு பாப்பு என்ற வானியல் பேரறிஞரின் முயற்சியால், 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று ஆகாயத்தை நோக்கிக் கண் திறந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாகாணத்தில், மேப்பிள்வுட் என்ற ஊரின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில், ஜோயல் சில்வர் என்னும் மாணவனும் அவனுடைய தோழர்களும், வட்டமான பிளாஸ்டிக் தட்டொன்றை எறிந்தும் பிடித்தும் இரு கட்சியாக நின்று ஆடும் ஓர் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். அல்டிமேட் ஃப்ரிஸ்பீ என்று பிற்காலத்தில் உலகம் அறிந்தது அதுவே. 1972-இல் காவலூரில் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதே 1972-இன் நவம்பர் 6-ஆம் தேதி, ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே இவ்வாட்டத்தின் முதல் கல்லூரிப் போட்டி நடந்து, 29-க்கு 27 என்ற கணக்கில் ரட்கர்ஸ் வென்றது. தட்டு விளையாட்டுக்களுக்கென்று உலக சம்மேளனம் பிறந்தது 1985-இல், காவலூரின் 2.34 மீட்டர் பெருந்தொலைநோக்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 1986 ஜனவரியில். ஓராண்டு பிசகுகிறதே என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். வான சாஸ்திரத்தில் ஓராண்டு ஒரு பொருட்டன்று.

பாமரர் இவற்றைத் தற்செயல் என்று சொல்லிப் போய்விடுவர். தற்செயல் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால் பாதி ஆராய்ச்சியாளர்களின் ஜீவனத்துக்கே ஹானி நேருமாதலால், நாம் அதை ஏற்பதற்கில்லை. மேலும், 1977-இல் யுரேனஸ் என்னும் கிரகத்தைச் சுற்றித் தட்டையான வளையங்கள் இருப்பதை உலகம் கண்டுகொண்டபோது, அதற்குச் சாட்சி சொன்ன தொலைநோக்கிகளில் ஒன்று இந்த ஜவ்வாது மலைமேல் இருந்தது என்பதும் பிரசித்தம். வட்டமாகவும் தட்டையாகவும் இருந்துகொண்டு சுழன்றபடி அந்தரத்தில் நிற்கும் வஸ்துக்களுக்கும் இம்மலைக்கும் ஏதோ ஜன்மாந்தர சம்பந்தம் உண்டென்று ஊகிக்க இதற்குமேல் என்ன வேண்டும்? ஆகவே தட்டெறி ஆட்டத்தின் தத்துவத்தை ஆராயப் புகுவோன் மேப்பிள்வுட்டுக்குக் கப்பலேற வேண்டுவதில்லை. போளூரில் பஸ் ஏறி, வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜமுனாமரத்தூரில் இறங்கி, ஒரு கவளம் சாமைச்சோறு உண்டு, கோலப்பன் ஏரிக்கரையில் உட்கார்ந்து யோசித்தால் போதுமானது என்பது இக்கட்டுரையின் முதற்கோள்.

தட்டின் பூர்வோத்தரம் சுருக்கமானது. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஃப்ரிஸ்பீ என்ற குடும்பத்தார் அப்பக் கடை நடத்திவந்தனர் என்றும், அவர்களுடைய அப்பத்தைத் தின்று தீர்த்த மாணவர்கள் அடித்தகரத்தை வீசி விளையாடினர் என்றும் கர்ணபரம்பரை கூறும். ஃப்ரெட் மாரிஸன் என்பவர், ஐந்து சென்ட் விலையுள்ள கேக் தகரத்தைக் கடற்கரையில் வீசி விளையாடிக்கொண்டிருக்கையில், வழிப்போக்கன் ஒருவன் 25 சென்ட் தருவதாகச் சொல்லி அதைக் கேட்டான். அக்கணமே அவருக்கு ஞானோதயம் உண்டாயிற்று. அவர் பிளாஸ்டிக்கில் வார்த்த தட்டை 1957-இல் வாம்-ஓ என்ற கம்பெனியார் வாங்கி ஃப்ரிஸ்பீ என்று பெயர் சூட்டினார்கள். அக்கம்பெனியைச் சேர்ந்த எட் ஹெட்ரிக் என்பவர் தட்டின் முதுகில் மெல்லிய வரிகளை ஓட்டி, அது காற்றில் தள்ளாடாதபடி செய்தார். 2002-இல் அவர் காலமானபோது, அவருடைய விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து சில தட்டுக்களாக வார்த்தார்கள். நம்மவர் அஸ்தியை நதியில் கரைத்து ஜனன மரணச் சுழற்சியிலிருந்து விடுபட முயல, அம்மனிதர் சுழற்சியையே மோக்ஷமாக வேண்டிக்கொண்டார் என்பது தத்துவ விசாரணைக்குரியது. ஆயினும் இடம் இதுவன்று.

இன்று போட்டிக்குரிய தட்டு 175 கிராம் எடையும் சுமார் 27 சென்டிமீட்டர் விட்டமும் உடையது. களம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரு முனைகளிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு எல்லைப் பகுதிகள் உண்டு. கட்சிக்கு ஏழு பேர். தட்டு கையில் இருப்பவன் ஓடக் கூடாது. தட்டில்லாதவன் எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். உடைமையுள்ளவன் அசையாமல் நிற்க, இல்லாதவன் ஓடியோடிக் களைக்கும் இவ்வேற்பாடு லோகாயத வாழ்க்கைக்கு மிகவும் பொருந்தியிருத்தலைப் பொருளாதார நிபுணர்கள் கவனிப்பாராக. எதிரியின் எல்லைப் பகுதிக்குள் நிற்கும் தன் கட்சிக்காரன் கையில் தட்டு அகப்பட்டால் ஒரு புள்ளி. தரையில் விழுந்தால் தட்டு மறு கட்சிக்குப் போய்விடும். வழக்கமாக 15 புள்ளி முதலில் எடுத்தவர் ஜெயித்தவராவர்.

ஆட்டத் தொடக்கத்தில் நாணயம் சுண்டுவதில்லை. இரு கட்சித் தலைவர்களும் ஆளுக்கொரு தட்டை மேலே சுண்டிவிட, அவை விழுமுன் ஒருவர் ‘ஒன்று’ அல்லது ‘வேறு’ என்று சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே முகமாக விழுந்தால் ஒன்று, மாறி விழுந்தால் வேறு. சங்கரரும் மத்வரும் அவர்தம் சிஷ்ய பரம்பரையினரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதித்தும் முடிவு காணாத பேதாபேத வழக்கு, இங்கே தட்டு புல்லில் விழும் நேரத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

இனி இவ்வாட்டத்தின் உயிர்நிலைக்கு வருவோம். இதில் நடுவர் கிடையாது. உலகப் போட்டிகளிலும், விளையாடுவோரே தம் வழக்கைத் தாமே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமென்பது விதி. ஒருவன் தன்னை மற்றவன் இடித்துவிட்டதாக ‘ஃபவுல்’ என்று கூவுகிறான்; ஆட்டம் நிற்கிறது; இடித்ததாகச் சொல்லப்பட்டவன் ஒத்துக்கொண்டால் ஒரு தீர்வு; ‘இல்லை, இடிக்கவில்லை’ என்று மறுத்துவிட்டால், தட்டை முன்பு எறிந்தவனிடமே திருப்பிக் கொடுத்து, நடந்தது நடவாதது போல மீண்டும் தொடங்க வேண்டும். வாதியும் பிரதிவாதியும் சாட்சியும் நீதிபதியும் ஒரே ஆளாக இருந்தும் வழக்கு அரை நிமிஷத்தில் முடியும் நியாயஸ்தலம் பாரத தேசத்தில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுவோர் சென்னைக்குப் போகலாம். பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரை மணலில், குப்பத்துப் பிள்ளைகளும் கணிப்பொறி அலுவலகத்தாரும் ஒரே அணியில் நின்று தட்டு எறிகிறார்கள். ஃப்ளைவைல்டு என்னும் சென்னைக் குழுவைப் பற்றி எடுக்கப்பட்ட ‘175 கிராம்’ என்ற குறும்படம் 2015-இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. மணல் ஆட்டத்தில் கட்சிக்கு ஐவரே. களமும் 75-க்கு 25 மீட்டராகக் குறுகிவிடும். கலப்பு ஆட்டமென்றால் ஆணும் பெண்ணும் ஒரே கட்சியில் இறங்குவார்கள். தட்டு யார் கைக்கு வந்தாலும் தட்டுத்தான். எதிரெதிரே நின்று தொண்டை வறள வாதாடியவர்களே ஆட்டம் முடிந்தவுடன் ஒருவர்மாற்றி ஒருவராகத் தோள்மேல் கைபோட்டு வட்டமாக நின்று, ‘இன்ன இடத்தில் நீங்கள் நன்றாக நடந்துகொண்டீர்கள், இன்ன இடத்தில் சற்று அவசரப்பட்டீர்கள்’ என்று பேசிக்கொள்வதும் வழக்கம். முதன்முறை பார்ப்பவர் இதை ஏதோ கூட்டுப் பிரார்த்தனை என்று எண்ணி விலகிப்போதல் கூடும்.

கடற்கரையில் வளர்ந்த இக்கலையை மலைமேல் ஏற்றினால் என்னவாகும் என்பதே இவ்வாராய்ச்சியின் நடுப்பகுதி. முதலாவது, காற்று. ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், கடற்கரைக் காற்றைவிட மலைக்காற்று நூற்றுக்கு ஏழு பங்கு மெலிந்தது. தட்டு மிதப்பது அதன் சுழற்சியால் மட்டுமன்று. சுழற்சி அதைச் சாயாமல் காக்கிறது, தாங்குவதோ காற்று. எனவே பெசன்ட் நகரில் பத்து அடி மிதந்து நின்று ‘என்னைப் பிடி’ என்று கெஞ்சும் தட்டு, ஜமுனாமரத்தூரில் சற்று விரைந்து, சற்று முன்னதாக இறங்கிவிடும். தோற்ற கடற்கரையார் ஊருக்குத் திரும்பிச் சொல்லுவதற்கு சாஸ்திரோக்தமான ஒரு சமாதானம் இவ்விதமாகக் கிடைக்கிறது. வேறு மலைகளுக்கும் இது பொருந்துமாதலால் ஏலகிரிக்காரர்கள் கோபிக்க வேண்டியதில்லை. இரண்டாவது, சமதளம். 100 மீட்டர் நீளத்துக்கு ஏற்ற இறக்கமில்லாத நிலத்தை மலைநாட்டில் தேடுவோன், அறுவடையான சாமைக் கொல்லையை இரவல் கேட்க நேரும். கொல்லைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி, ‘இதில் யார் ஜெயித்தார் என்று யார் சொல்லுவார்?’ என்பதாகவே இருக்கும். அதற்குச் சரியான விடை, ‘தோற்றவர்.’

விசாரணையின் பொருட்டு ஒரு கற்பிதப் போட்டியை நிறுவிக்கொள்வோம். ஜமுனாமரத்தூரில் மேட்டுத் தெருவாருக்கும் பள்ளத் தெருவாருக்கும் ஆட்டம். தலைவர்கள் முறையே தேவதத்தனும் யக்ஞதத்தனும். இவ்விருவரும் மலைவாசிகள் அல்லர். தர்க்க நூல்களில் இரண்டாயிரம் ஆண்டாக உதாரணமாக மட்டுமே வாழ்ந்து சலித்தவர்களாதலால், காற்று வாங்க இங்கே வரவழைக்கப்பட்டார்கள். தேவதத்தன் பருத்தவன், பகலில் உண்ணாதவன் என்றும், ஆகவே அவன் இரவில் உண்கிறான் என்றும் மீமாம்சகர் நிலைநாட்டியிருப்பது யாவரும் அறிந்ததே. பருத்தவன் ஓடுவானோ என்று ஐயுறுவோர்க்கு விடை: தட்டு கையில் இருப்பவன் ஓடக் கூடாது என்ற விதி அவனைப் போன்றோரைக் கருதியே இயற்றப்பட்டது. அவன் நின்ற இடத்தில் நின்று எறிவான். யக்ஞதத்தனே எங்கும் ஓடுபவன்.

எறிபவனுக்கு மூன்று மீட்டருக்குள் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் காவல் நின்று, ஒன்றிலிருந்து பத்துவரை வாய்விட்டு எண்ணுகிறான். பத்து என்ற ஒலி தொடங்குவதற்குள் தட்டு கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஒரு விநாடியேனும் செல்ல வேண்டும். கபடியில் பாடிச் செல்பவன் தன் மூச்சுக்குத் தானே ஜாமீன். இங்கேயோ ஒருவன் கையிலுள்ள தட்டின் ஆயுள் எதிரியின் நாக்கில் இருக்கிறது. நண்பர்களிடையே விளையும் வழக்குகளில் பெரும்பகுதி இந்த எண்ணிக்கையிலேயே முளைக்கிறது. வீரர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எண்ணுகிறார்கள். தமிழில் எண்ணினால் நேருவதை இலக்கண நூல்களைக் கொண்டு நாம் கணித்துப் பார்த்தோம்.

மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் தொல்காப்பியர் கொண்டார். அம்முறைப்படி, ஒன்று என்பதற்கு மாத்திரை இரண்டு. இரண்டு என்பதற்கோ மூன்று. மூன்றுக்கு மூன்று என்பது ஆறுதலாக இருப்பினும், நான்குக்கும் மூன்றே. ஐந்து, மொழிமுதல் ஐகாரம் குறுகுமாதலால், இரண்டரை. ஆறு, ஈற்று உகரம் குறுகி, அதுவும் இரண்டரை. ஏழின் ஈற்றில் நிற்பது இடையின மெய்மேல் ஏறிய முற்றியலுகரமாதலால் அது குறையாமல் மூன்று பெறும். எட்டு, பெயருக்குத்தான் பெரிய எண்; இரண்டே மாத்திரையில் முடிந்துவிடுகிறது. ஒன்பது மூன்று. ஆகத் தொகை 24 மாத்திரை. ஓர் இமைப்பை விநாடியில் மூன்றிலொரு பங்காகக் கொண்டால், இடைவெளியின்றித் தமிழில் எண்ணுவோன் எட்டு விநாடியில் ஒன்பதைக் கடந்து பத்தின் வாயிலில் நிற்பான். விதியோ ஒன்பது விநாடி கேட்கிறது. இந்த ஒரு விநாடியே நட்புக்கும் வழக்குக்கும் இடைப்பட்ட தூரம். தேவதத்தன், ‘அவசரமாக எண்ணிவிட்டாய், அண்ணா!’ என்பான். யக்ஞதத்தன், ‘இலக்கணப்படி எண்ணினேன், தம்பி’ என்பான். ஐகாரக் குறுக்கத்தை ஒப்புக்கொள்ளாத பழம்புலவர் எவரேனும் கொல்லை ஓரத்தில் நின்றால் அரை மாத்திரைக்குத் தனியாக ஒரு வாதம் எழும். ஆயினும் எறிந்தவன் மறுத்துவிட்டானாதலால், தட்டு அவனிடமே திரும்பும். இருவரும் அடுத்த கணமே ஆட்டத்தில் மூழ்கிவிடுவார்கள்.

இங்கே பூர்வபட்சி ஒருவர் எழுந்து கேட்கலாம்: ‘நடுவர் ஒருவரை நியமித்துவிட்டால் இவ்வளவு தொல்லையும் தீருமே? இப்பக்கத்து ஊர்களில் பொங்கலையொட்டி நடக்கும் எருது விடும் விழாவில், காளை ஓடிய நேரத்தை அளந்து சொல்ல ஆள் வைத்திருக்கிறார்களே?’ இதற்குச் சித்தாந்தி மறுமொழி: காளை தன் வழக்கைத் தானே பேசாது. அதன் உடைமையாளரோ பேசுவார். பேசத் தொடங்கினால் மாலைவரை பேசுவார். நடுவர் இருக்கும் ஆட்டங்களில் இரு கட்சியாரும் கூடி அவரைத் திட்டி, அத்திட்டிலே ஒற்றுமை காண்பர். நடுவருக்குத் தெரியாமல் செய்தது பிழையே அன்று என்ற ஒரு தர்மமும் அங்கே தானாக வளர்ந்துவிடுகிறது. நடுவர் இல்லாத இடத்தில் திட்டுவதற்கு மூன்றாமவன் இல்லை; பொய் சொல்ல வேண்டுமானால் தெரிந்தவன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெருநகரத்தில் இது அவ்வளவு கஷ்டமன்று. ஆட்டம் முடிந்ததும் அவனவன் ஒரு திக்காகப் போய் மறைந்துவிடலாம். ஜமுனாமரத்தூரிலோ, மாலையில் ‘இடிக்கவே இல்லை’ என்று சாதித்தவன் மறுநாள் காலை இடிபட்டவனோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும். திருவண்ணாமலைக்குப் போகிற பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்து இடம்தான் காலியாக இருக்கும். நாளையும் சந்தித்தே ஆகவேண்டியவர்கள் ஆடுவதற்கென்றே அமைந்த ஆட்டம் இது. நட்பு இதன் பலன் அன்று, மூலதனம். மேப்பிள்வுட்டிலும் கதை அப்படித்தான்: பள்ளியின் முதல் ஆட்டத்தில் மோதிக்கொண்ட கட்சிகள் மாணவர் மன்றமும் மாணவர் பத்திரிகையும். ஆளுகிறவர்களும் அவர்களை விமரிசிப்பவர்களும் ஆடிவிட்டு, மறுநாள் ஒரே வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள்.

இத்துடன் நிற்காமல், ஆட்டத்தின் முடிவில் ஒவ்வொரு கட்சியும் மறு கட்சியின் நன்னடத்தைக்கு மதிப்பெண் போட வேண்டுமென்றும் ஏற்பாடு உண்டு. விதிகளை அறிந்து கையாண்டார்களா, உடம்பை இடிக்காமல் ஆடினார்களா, நடுநிலை தவறாதிருந்தார்களா, முகமலர்ச்சியும் தன்னடக்கமும் இருந்தனவா, பேசும் முறை எப்படி என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை. இரண்டு என்பது ‘நன்று’ என்பதன் அடையாளம். ஆகவே ஒழுங்காக நடந்துகொண்ட ஒரு கட்சிக்கு இயல்பாகக் கிடைப்பது 20-க்குப் பத்து. தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையும் 20-க்குப் பத்து வாங்கி வீட்டுக்குப் போய் ‘நன்று’ என்று சொல்லிவிட்டு இரவுச் சாப்பாட்டைச் சாவதானமாகச் சாப்பிட்டதில்லை. புதிதாக ஆட வந்த பிள்ளையின் தகப்பனார் இந்தத் தாளைப் பார்த்துவிட்டுக் கட்சித் தலைவனைத் தேடி வந்தால், அவருக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதை விதிநூல் வரையறுக்கவில்லை.

போட்டிகளில் புள்ளியில் வென்றவருக்கு ஒரு பரிசும் நன்னடத்தையில் வென்றவருக்கு ஒரு பரிசும் தனித்தனியே கொடுப்பதால், ஒரு விபரீதமும் உண்டாகிறது. ஆட்டத்தில் தோற்பது உறுதியானவுடன் ஒரு கட்சியார் திடீரென்று சாதுக்களாக மாறிவிடுவர். ‘இடித்தது நானே, மன்னிக்க வேண்டும்’ என்று இடிக்காதவனும் முன்வருவான். கீழே விழுந்தவனைத் தூக்கிவிட மூவர் ஓடுவர். தண்ணீர் பாட்டிலை முதலில் எதிரிக்கு நீட்டுவர். அதைக் கண்ட மறு கட்சியார், இதிலும் இவர்களை முந்தவிடலாகாதென்று, தமக்கு நியாயமாகக் கிடைத்த தட்டையும் ‘வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்பர். பரஸ்பர விட்டுக்கொடுத்தலால் ஆட்டம் ஸ்தம்பித்து, மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் கைகூப்பி நிற்க, தட்டு நடுவே அநாதையாகப் புல்லில் கிடக்கும் நிலையை நாம் தர்க்கரீதியாக அனுமானிக்கிறோம். இவ்வாறு பணிவில் மூளும் போட்டியே போட்டிகள் யாவற்றிலும் உக்கிரமானது. அடித்தவனைத் திருப்பி அடித்துக் கணக்கைத் தீர்க்கலாம். மரியாதை செய்தவனுக்கு அதற்கு மேற்பட்ட மரியாதை செய்தாலன்றித் தூக்கம் வராது. சம்பந்திகளுக்குள் சீர்வரிசை பரிமாறிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துரைப்பது அநாவசியம்.

ஒரே ஒரு வழக்குமட்டும் எம் ஆராய்ச்சிக்கு அகப்படாமல் மிஞ்சியிருக்கிறது. பலாவுக்குப் பேர்போன இம்மலையில், களத்தின் ஓரத்திலே கிளை தாழ்ந்த பலாமரம் ஒன்று நிற்பதாகவும், தேவதத்தன் எறிந்த தட்டு மலைக்காற்றின் மெலிவால் திசைமாறி அதன் கவட்டில் போய்ச் செருகிக்கொண்டதாகவும் வைத்துக்கொள்வோம். எல்லைக்கு வெளியே உள்ள பொருளில் பட்ட தட்டு வெளியே போனதாகக் கொள்ளப்பட்டு, எதிர்க்கட்சிக்கு உரியதாகிவிடும், இதில் சந்தேகமில்லை. ஆனால் உரியதாவது வேறு, கைக்கு வருவது வேறு. எறிந்தவனே ஏறி எடுத்துத் தரவேண்டும் என்பது யக்ஞதத்தனின் வாதம். தட்டு இப்போது யாருடையதோ அவனே ஏற வேண்டும் என்பது தேவதத்தனின் வாதம். இரு தரப்பும் நியாயமே. நடுவர் இல்லை, முன்பு எறிந்தவனிடம் திருப்பிக் கொடுக்கலாமென்றால், திருப்பிக் கொடுப்பதற்குத் தட்டு கையில் இல்லை. பருத்தவன் ஏறினால் கிளை தாங்காது என்ற அனுமானத்தைத் தர்க்க நூல்களின் துணைகொண்டு தேவதத்தனே முன்வைத்து, அதை ஆட்டக்காரர் பதினால்வரும் கொல்லைக்காரரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனராதலால், யக்ஞதத்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். இறங்கும்போது ஒரு கையில் தட்டும் மறு கையில் காய் ஒன்றும் இருந்தன. காய் எந்தக் கட்சிக்கு உரியது என்பது பற்றி இதை எழுதும்வரை பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.